ஸ்பூக் ஒன்று போதும், சங்கரா

கம்மிங், ஜார்ஜியா
ஏப்ரல் 26

அன்புள்ள சங்கரா,

உன் கடிதம் வந்து நாளாகிறது. இங்கே பெரியவளுக்குப் பரீட்சை, எனக்கு ஆபீசில் ரிலீஸ். இரண்டும் ஒரே சமயத்தில் வந்து விழுந்ததில் உட்கார்ந்து எழுதக் கை ஒழியவில்லை. அம்மா மூட்டு ஆபரேஷன் முடிந்து வாக்கர் இல்லாமல் நடக்கிறார்கள் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. வலிக்கிறது என்று பிசியோதெரபியை மட்டும் நிறுத்திவிட வேண்டாம். பாளையங்கோட்டை வீட்டின் அந்தச் செங்குத்து மாடிப்படிதான் எனக்குக் கவலை. கட்டிலைக் கீழ் அறைக்கே மாற்றிவிடச் சொல்லித் தம்பியிடம் பேசு.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். கடைச் சுவர் முழுக்கத் தொங்குகிறது, பாஸ் மீன் பிடிக்க, தண்ணீர் மேல் இடமும் வலமும் ஆடி வருகிற லூரில், அதாவது செயற்கை இரையில், எதை வாங்க என்று கேட்டிருக்கிறாய். ஹெட்டன் கம்பெனியின் சூப்பர் ஸ்பூக் ஜூனியர், எலும்பு வெள்ளை நிறம். வாங்கிக்கொண்டு நேரே ஏரிக்குப் போகலாம். ஆனால் கெமிஸ்ட்ரி லேபில் ஒவ்வொரு ரீடிங்குக்கும் காரணம் கேட்டு வாத்தியாரை அழவைத்தவன் நீ. அதனால் காரணத்தையும் எழுதிவிடுகிறேன்.

இந்த வகை லூருக்குத் தானாக ஆடத் தெரியாது. முன்னால் தகடு கிடையாது, பின்னால் விசிறி கிடையாது. சுருட்டு வடிவத்தில் ஒரு பிளாஸ்டிக் கூடு, அவ்வளவுதான். எடை வால் பக்கம் இருப்பதால் வால் சற்றுத் தாழ்ந்து, மூக்கு தூக்கி மிதக்கும். நீ ராடு, அதாவது தூண்டில் கம்பு நுனியைக் கீழ் நோக்கி ஒரு சொடுக்குச் சொடுக்கினால் மூக்கு ஒரு பக்கம் திரும்பும். திரும்பிய வேகத்திலேயே உடல் அந்தப் பக்கமாக வழுக்கிப் போகும். அப்படிப் போக அதற்குத் தூண்டில் நரம்பில் தளர்ச்சி வேண்டும். சொடுக்கிய கையோடு நுனியை முன்னால் விட்டுக் கொடுத்தால்தான் அது முழுசாகப் போய் நிற்கும். அடுத்த சொடுக்கில் எதிர்ப்பக்கம் திரும்பும். நரம்பை இறுக்கமாகவே வைத்து இழுத்தால் குச்சி மாதிரி நேராக வந்து சேரும், ஒரு மீனும் ஏறிட்டுப் பார்க்காது. ரீலின் வேலை தளர்ந்த நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருட்டிக்கொள்வது மட்டும்தான்.

ஆக, உன் கையும் ராடும் எதைக் காலை முழுக்க ஆட்டும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பெட்டியில் அச்சடித்த கண்ணையும் செதிலையும் பார்த்து வாங்குகிறவன் ஏமாந்து போவான். ஜூனியர் 3½ அங்குலம், அரை அவுன்ஸ். நீ வாங்கி வைத்திருக்கிற 7 அடி மீடியம் ராடுக்கு அது அளவான எடை. தூரமும் போகும், மணிக்கட்டும் வலிக்காது. தாளம் கொஞ்சம் பிசகினாலும் மன்னித்து ஆடுகிற லூர் அது. விலையும் சுமார் பத்து டாலர்தான். முதல் நாளே மரத்தில் மாட்டிப் போனாலும் வீட்டில் சொல்லிக்கொள்ளலாம்.

இதன் பூர்வீகம் பழையது. மிச்சிகனில் டவாஜியாக் என்ற சிற்றூரில் இருந்த ஹெட்டன் கம்பெனி 1920களில் இதை மரத்தில் கடைந்து விற்றது. பிளாஸ்டிக்கில் ஜாரா ஸ்பூக் என்று வந்தது 1939-இல். ஆனால் அதை ஆட்டும் வித்தையைப் போட்டிக்காரர்கள் நடுவே பரப்பியவர் மிசௌரிக்காரர் சார்லி கேம்பல். அதெல்லாம் நடந்தது எழுபதுகளில். லூர் தயாராகிப் பல பத்தாண்டு கழித்துத்தான் அதற்கேற்ற கை பிரபலமானது. கடைச் சுவரில் நீ பார்த்த மற்றவை பெரும்பாலும் இதன் பேரன் பேத்திகள்தான்.

நரம்பு விஷயத்தில் கடைக்காரர் பேச்சைக் கேட்காதே. ஃப்ளூரோகார்பன் என்று சொல்லித் தருவார். அது தண்ணீரில் அமிழும், அமிழ்ந்து லூரின் மூக்கைக் கீழே இழுக்கும். ரீலில் 30 பவுண்டு தாங்கும் பின்னல் நூலான பிரெய்டு போட்டு, முனையில் ஒன்றரை இரண்டு அடிக்குச் சாதாரண நைலான் நரம்பைச் சேர்த்துக் கட்டு. பிரெய்டு துணி நூல் போலத் துவண்டு கிடப்பதால் தளர்ச்சி கொடுக்கும்போது முன்முள்ளில் போய்ச் சுற்றிக்கொள்ளும். நைலானுக்குக் கொஞ்சம் விறைப்பு உண்டு, சுற்றாது. மூக்கு வளையத்தில் சாவிக்கொத்து வளையம் மாதிரி ஸ்ப்ளிட் ரிங் இருந்தால் அதிலேயே கட்டலாம். இல்லாவிட்டால் இறுகாத கண்ணி முடிச்சுப் போடு. முடிச்சு மூக்கில் இறுகினால் பாதி ஆட்டம் போய்விடும்.

அளவு விஷயத்துக்கு வந்தால் ஏரிக்கு ஏரி பதில் மாறும். இங்கே லேனியர் ஏரியில் எல்லாமே ஹெர்ரிங் கணக்கு. ப்ளூபேக் ஹெர்ரிங் இந்த ஏரிக்குச் சொந்த மீனில்லை, வெளியிலிருந்து வந்து பெருகியது. நீளமான, வெள்ளி பளபளக்கும், ஓரிடத்தில் நிற்காத மீன். கரையோரம் ஒதுங்காமல் நடு ஏரியிலேயே திரியும். அதைத் தின்று கொழுத்த ஸ்பாட்டட் பாஸும் அதே மாதிரி ஆகிவிட்டது. 25 அடி ஆழத்தில், யாரோ முக்கிவைத்த மரக்கிளைக் குவியல்களுக்கு மேலே அந்தரத்தில் நிற்கும். தண்ணீர் தெளிவு என்பதால் அங்கிருந்தே மேலே ஓடுவதைப் பார்த்துவிடும். இங்கே ஜூனியர் அவ்வளவாக எடுபடாது. 5 அங்குல சூப்பர் ஸ்பூக்கையோ அதே அளவு வேறொன்றையோ எறிந்து, நிறுத்தாமல் விரட்டி விரட்டி ஆட்டினால் அடியிலிருந்து கிளம்பி வந்து அடிக்கும். மெதுவாக ஆட்டினால் பின்னாலேயே வந்து, உற்றுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். அது திரும்புவதைப் படகிலிருந்தே பார்க்கலாம், வயிறு எரியும்.

உன் பக்கம் கதை வேறு. டெக்சஸில் லூயிஸ்வில், ரே ராபர்ட்ஸ் ஏரிகளில் பாஸின் சாப்பாடு ஷாட் என்ற சின்ன மீன். த்ரெட்ஃபின் ஷாட் விரல் நீளம், அதைவிடக் கொஞ்சம் கூட இருக்கும். ஜூனியர் ஏறக்குறைய அந்த அளவு. அதைவிட, இப்போது அங்கே ஷாட் முட்டையிடும் காலம். தண்ணீர் 65 முதல் 75 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் இருக்கும் நாட்களில், விடியும் முன்னே அணைக்கரையில் அடுக்கிய கல்லோரமும் படகுத்துறை மிதவைகளை ஒட்டியும் கூட்டமாக வந்து உரசும். கல்லோரம் தண்ணீர் சிலுசிலுவென்று துள்ளிக்கொண்டிருந்தால் அதுதான். கரைக்கு இணையாக எறிந்து கல்லை ஒட்டியே ஆட்டிக்கொண்டு வா. வெயில் கல்லில் ஏறியதும் கடை மூடிவிடும். ஆகவே சனிக்கிழமை எட்டு மணிக்கு எழுந்து, இட்லி சாப்பிட்டுவிட்டுப் போகிற பழக்கம் இதற்கு உதவாது.

பெரிய ஸ்பூக் உனக்கும் ஒருநாள் தேவைப்படும். லேக் ஃபோர்க் பக்கம் போனால் கையில் இருக்கட்டும். ஷாட்டில் இன்னொரு வகையான கிஸர்ட் ஷாட் ஓரடிக்கு மேலும் வளரும், பெருமீன்கள் அதைத்தான் தேடும். டெக்சஸ் மாநில ரெக்கார்டான 18.18 பவுண்டு பாஸ் 1992-இல் அங்கேதான் கிடைத்தது. அங்கே 16 அங்குலத்துக்கு மேல் 24-க்குக் கீழ் உள்ள பாஸை வைத்துக்கொள்ளக் கூடாது. அளந்துவிட்டு விட்டுவிடு.

ஜப்பான்காரன் லூர் பற்றிக் கேட்டிருந்தாய். லக்கி கிராஃப்ட் சாமி 100 என்னிடம் இருக்கிறது. அருமையான பொருள், விலை ஏறக்குறைய ஸ்பூக்கின் இரு மடங்கு. வாலை நன்றாகத் தாழ்த்தி நிற்பதால் சின்னச் சொடுக்குக்கே திரும்பும். முன்னே அதிகம் நகராமல் ஒரே இடத்தில் தலையாட்டி நிற்க வைக்கலாம். காற்றில்லாத காலையில், ஒரு படகுத்துறை மூலையில் மீன் நிற்கிறது என்று தெரிந்தால் நான் அதைத்தான் எடுப்பேன். அலை எழுந்துவிட்டால் அந்த நளினம் எதுவும் தெரியாது, அப்போது ஸ்பூக்தான். மெகாபாஸ் டாக் எக்ஸும் அழகுதான். ஆனால் அந்த விலைக்கு வாங்கி, மரம் நிற்கிற பக்கம் எறிய மனசு வராமல் நடுத்தண்ணீரில் எறிந்துகொண்டிருப்பாய். மீன் இருக்கிற இடத்தில் எறியப் பயப்படவைக்கிற லூர் எனக்கு வேண்டாம்.

சத்தத்தில் இரண்டு வகை. சின்னக் குண்டுகள் நிறைய உள்ளே கலகலப்பது ஒன்று. ஒரே பெரிய குண்டு பக்கத்துக்குப் பக்கம் 'டொக் டொக்' என்று மோதுவது மற்றொன்று, ஒன் நாக்கர் ஸ்பூக் அந்த ரகம். கலங்கிய தண்ணீர், காற்று நாள் என்றால் எனக்கு இரண்டாவது பிடிக்கும். நிறத்தைப் பற்றி நீ ஒரு பக்கம் எழுதியிருந்தாய், நான் இரண்டே வரியில் முடிக்கிறேன். கீழிருந்து பார்க்கிற மீனுக்குத் தெரிவது வயிறும் நிழலும்தான். எலும்பு வெள்ளை எல்லா நாளுக்கும் ஆகும், நல்ல வெயிலும் தெளிந்த தண்ணீரும் என்றால் குரோம்.

அடி விழும்போதுதான் இருக்கிறது சோதனை. கிணற்றில் தென்னை மட்டை விழுந்த மாதிரி ஒரு சத்தம் கேட்கும், லூர் இருந்த இடத்தில் குழி விழுந்து மூடும். உடனே கை தானாக ராடை வெடுக்கென்று தூக்கும். தூக்காதே. பல சமயம் மீன் வாயில் வாங்காமல் வாலால் அடித்திருக்கும், அல்லது குறி தவறியிருக்கும். நீ வெடுக்கென்று இழுத்தால் மூன்று முனை கொண்ட இரண்டு மும்முள்ளோடும் லூர் உன் முகத்தைப் பார்த்துப் பறந்து வரும். ஆட்டத்தை நிறுத்தாமல் தொடர். நரம்பில் கனம் தெரிந்த பிறகு ராடைப் பக்கவாட்டில் சாய்த்து இழு. கனம் தெரியவில்லை என்றால் இன்னும் நாலு சொடுக்கு. திரும்ப வந்து அடிக்கிற மீன் உண்டு. கூலிங் கிளாஸ் போடாமல் போகாதே. சின்னவனையும் கூட்டிப் போவதானால் முட்களில் பின்னோக்கி நீட்டிய சிறு கூர்களைக் கட்டிங் பிளேயரால் நசுக்கிவிடு. மீன் தப்பினால் தப்பட்டும், அவன் காதில் மாட்டினால் எடுப்பது லேசாக இருக்க வேண்டும்.

முள்ளை அவ்வப்போது நகத்தில் உரசிப் பார். நகத்தில் வழுக்கினால் மழுங்கிவிட்டது, மாற்றிவிடு. அதே அளவு, அதே தடிமன் பார்த்து மாற்று. கனமான முள்ளைப் போட்டால் மிதக்கும் விதம் மாறி ஆட்டமே வேறாகிவிடும்.

ஒரு இடத்தில் மட்டும் இந்த லூர் சுத்தமாக உதவாது. பாசி மேலே படர்ந்திருந்தால் மும்முள் ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு வரும். அங்கே தவளை வடிவ லூர்தான். உனக்குச் சொல்ல வேண்டியதே இல்லை. தாமிரபரணிக் கால்வாயில் ஆகாயத் தாமரைக்கு நடுவே விராலுக்குத் தவளை போட்டவன் நீ, நான் தக்கையைப் பார்த்துக்கொண்டு கெண்டைக்கு உட்கார்ந்திருந்தவன்.

பழகுவதற்குப் படகு வேண்டாம். ரே ராபர்ட்ஸ் ஸ்டேட் பார்க் கரையிலிருந்தே எறி. டெக்சஸில் ஸ்டேட் பார்க்குக்குள் கரையிலிருந்து பிடிக்க லைசென்ஸ் வேண்டாம், நுழைவுக் கட்டணம் கட்டினால் போதும். மற்ற இடமெல்லாம் லைசென்ஸ் எடுத்துக்கொள். சின்னவனுக்கு 17 வயது ஆகும் வரை தேவையில்லை.

தீபாவளிக்கு இங்கே வருவதாக எழுதியிருக்கிறாய், மாற்றிவிடாதே. இலை உதிர்கிற அந்தச் சமயம் லேனியரில் மேல்தண்ணீர் ஆட்டம் மறுபடி சூடு பிடிக்கும். ஜார்ஜியாவில் வெளிமாநிலத்தாருக்கு ஒரு நாள் லைசென்ஸ் உண்டு, ஆன்லைனிலேயே எடுத்துவிடலாம். ராடெல்லாம் சுமந்து வர வேண்டாம், இங்கே இருக்கிறது. வித்யா தங்கச்சி போட்ட மாவடு மிச்சம் இருந்தால் ஒரு பாட்டில் கொண்டு வா. அதைக் கேபின் பையில் வைத்து செக்யூரிட்டியில் தண்ணீரைக் கொட்டச் சொல்லி நிற்காதே, செக் இன் பெட்டியில் போடு.

ஜூனியர் வாங்கியதும் எப்படி ஆடுகிறதென்று ஒரு வீடியோ அனுப்பு. லூரை எடுக்காவிட்டாலும் பரவாயில்லை, உன் மணிக்கட்டை எடு. அதைப் பார்த்தால்தான் எங்கே இறுக்கிப் பிடிக்கிறாய் என்று சொல்ல முடியும்.

அன்புடன்,
கணபதி