கழுவும் ஆளைக் குறைக்காத சான்றிதழ் வேண்டும்

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணைய அதிகாரிகளுக்கு,

வணக்கம். பால் பதப்படுத்தும் ஆலையொன்றில் தரக்கட்டுப்பாட்டு வேலை பார்க்கிறேன். வெளிச்சம் பட்டால் கிருமியைக் கொல்லும் பூச்சுகளை உணவு உறைகளுக்கும் ஆலை இயந்திரங்களுக்கும் பூசும் ஆராய்ச்சிகள் நடக்கின்றன. அவை வரவேண்டும் என்றுதான் நானும் விரும்புகிறேன். 2017-18இல் தென்னாப்பிரிக்காவில் பொலோனி என்ற இறைச்சிப் பண்டத்தில் புகுந்த லிஸ்டீரியா 200 பேருக்கு மேல் பலிகொண்டது. குளிர்பெட்டியிலும் வளரும் கிருமி அது. எஃகில் பிசினாக ஒட்டிக்கொண்டால் லேசில் போகாது.

என் கவலை, அனுமதி தருமுன் இவற்றை எப்படிச் சோதிக்கச் சொல்வீர்கள் என்பதுதான்.

இந்தப் பூச்சுகளில் ஒரு வகையான டைட்டானியம் டை ஆக்சைடு வேலை செய்யப் புற ஊதாக் கதிர் வேண்டும். எங்கள் குளிரறை எல்இடி விளக்கில் அது இல்லையென்றே சொல்லலாம். இன்னொரு பூச்சுப்பொருளான, மஞ்சளில் இருக்கும் குர்க்குமினுக்கு நீல ஒளி போதும். ஆனால் வேட்டியில் பட்ட மஞ்சள் கறை வெயிலில் உலர்த்தினால் மங்கிப்போவதை எல்லா வீட்டிலும் பார்த்திருக்கிறோம். கிருமியைக் கொல்ல உதவும் வெளிச்சமே குர்க்குமினையும் சிதைக்கிறது. முதல் நாள் தேறிய பூச்சு முப்பதாம் நாள் என்ன செய்கிறது என்று தயவுசெய்து கேளுங்கள்.

கிருமியைக் கொல்ல இந்தப் பூச்சுகள் உண்டாக்கும் வீரியமான ஆக்சிஜன் ஈரப் பரப்பில் ஒரு மயிரிழைப் பருமன்கூட நகராது. மேலே கொழுப்பு படிந்திருந்தால் கிருமியைத் தொடுமுன் அதிலேயே தீர்ந்துவிடும். துடைத்த கண்ணாடித் துண்டில் எடுத்த அளவு எங்களுக்கு உதவாது. நாங்கள் கழுவப் பயன்படுத்தும் காஸ்டிக் சோடாவும் நைட்ரிக் அமிலமும் ஓடிய, பால் படிந்த எஃகில் எடுத்த அளவு வேண்டும். கேஸ்கெட் (இணைப்புகளில் வைக்கும் ரப்பர் வளையம்) இடுக்கு, கன்வேயரின் அடிப்புறம், மூடிய குழாய் ஆகியவற்றில் கிருமிச் சோதனைக்குப் பஞ்சுக்குச்சியால் துடைத்து ஸ்வாப் எடுக்கும்போதுதான் எனக்கு நெஞ்சு படபடக்கும். அங்கெல்லாம் வெளிச்சமே விழாது.

உறை என்றால் இன்னொன்று. அந்த ஆக்சிஜன் கிருமியையும் கொழுப்பையும் பிரித்துப் பார்க்காது. பாலில் இயல்பாக உள்ள பி2 வைட்டமின்மேல் வெளிச்சம் பட்டாலே பாலின் வாடை கெடுகிறது. உங்கள் 2018 பேக்கேஜிங் விதிகள் பிளாஸ்டிக் உறையிலிருந்து உணவுக்குள் இறங்குவதற்கு கிலோவுக்கு 60 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கின்றன. நிறம் இறங்கவே கூடாது என்கின்றன. பூச்சிட்ட உறைகளை விளக்கொளியில் வைத்தும் இதை அளக்கச் சொல்லுங்கள்.

இன்ன வெளிச்சத்தில், இத்தனை கழுவல் வரை என்று சான்றிதழிலேயே எழுதுங்கள். இதைக் காட்டிக் கழுவுவதைக் குறைக்கக் கூடாது என்றும் எழுதுங்கள். எங்கள் இரவு ஷிப்டில் கழுவ இரண்டே பேர். "பூச்சுதான் இருக்கிறதே, ஒருவர் போதாதா?" என்று யாராவது கேட்டால், எடுத்துக் காட்ட என் கையில் அந்தத் தாள் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு பால் ஆலை ஊழியர்