எல்.என்.பி. தயாரிப்பாளர்களே, கிரிஸ்டலுக்கு வெளியிலிருந்து ஒரு வழி விடுங்கள்

வீட்டு டிஷ்களின் முன்னே நின்று சிக்னலைப் பிடித்து, அலைவரிசையைத் தாழ்த்திக் கேபிளில் அனுப்பும் எல்.என்.பி.யைத் தயாரிக்கும் நிறுவனத்தாருக்கு வணக்கம்.

கிரிஸ்டலோடு அலைவரிசையைப் பூட்டிவைக்கும் உங்கள் பி.எல்.எல். வகை எல்.என்.பி.யை டி.வி. பார்ப்பவர்கள் மட்டும் வாங்கவில்லை. பொழுதுபோக்காக வானொலியில் பேசிக்கொள்ளும் ஹாம்களான நாங்களும் வாங்குகிறோம். 2018 நவம்பரில் ஏவிய கத்தாரின் எஸ்ஹைல்-2 செயற்கைக்கோளில் எங்களுக்கென்றே ஒரு டிரான்ஸ்பாண்டர், அதாவது சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவி, உண்டு. கியூஓ-100 என்போம். தமிழ்நாட்டு மொட்டை மாடியில் டிஷ்ஷை மேற்கே தாழத் திருப்பினால், 10,489.5 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே ஐரோப்பா, ஆப்பிரிக்கா நண்பர்களின் பேச்சு கேட்கும்.

கேட்கும், ஆனால் ஓரிடத்தில் நிற்காது. பல மாடல்களில் 25 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை 390 மடங்காக்கித்தான், வரும் சிக்னலிலிருந்து கழிக்க வேண்டிய 9,750 மெகாஹெர்ட்ஸ் வருகிறது. கிரிஸ்டல் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே 9,750 ஹெர்ட்ஸ் தள்ளிப் போய்விடும். எங்கள் ஒரு பேச்சின் அகலமே சுமார் 2,700 ஹெர்ட்ஸ்தான். வெயில் ஏறினால் ஒரு பக்கம், மழை தூறினால் இன்னொரு பக்கம் என்று டயலைத் திருகிக்கொண்டே இருக்கிறோம். டி.வி. சிக்னல் பல மெகாஹெர்ட்ஸ் அகலம் என்பதால் அதற்கு இது உறைப்பதேயில்லை.

மருந்து தெரிந்ததுதான். கிரிஸ்டலைக் கழற்றிவிட்டு, ஜி.பி.எஸ். சிக்னலோடு பூட்டியதால் பிசகாத ஆஸிலேட்டரிலிருந்து (அலை உண்டாக்கும் கருவி) 25 மெகாஹெர்ட்ஸை அந்த இடத்தில் ஊட்ட வேண்டும். இரண்டு அவுட்புட் உள்ள மாடலில் ஒரு சாக்கெட்டை இதற்கே ஒதுக்கிவிடுவோம். ஆனால் அந்தக் கிரிஸ்டல் நொய்யரிசி அளவுதான். போன மாதம் சால்டரிங் அயர்ன் நுனி பட்டதும் போர்டின் செம்புத் தகடு அதோடு பிய்ந்து வந்தது. அதற்கு முந்தியதைச் சரியாகத்தான் முடித்தேன், ஆனால் திரும்ப ஒட்டிய மூடி வழியாக மழைத்தண்ணீர் இறங்கிவிட்டது.

இப்படி வெளியிலிருந்து ஊட்டும் ரெஃபரன்ஸ் அலையை ஏற்கும் எல்.என்.பி.க்கள் தொழில்முறைச் சந்தையில் இருக்கின்றன. அந்த விலை எங்களுக்குக் கட்டாது. உங்களிடம் விலை உயர்ந்த கிரிஸ்டலும் கேட்கவில்லை. போர்டில் கிரிஸ்டல் பக்கத்தில் சால்டர் வைக்க இரண்டு பட்டைகள், கேஸில் கேபிள் மாட்டும் இன்னொரு எஃப் சாக்கெட்டுக்கு மூடிய துளை, இவ்வளவு போதும். வாங்குபவர்கள் குறைவுதானே என்பீர்கள். சரி, அப்படியானால் உள்ளே இருப்பது 25 மெகாஹெர்ட்ஸா 27 மெகாஹெர்ட்ஸா என்றாவது லேபிளில் அச்சிடுங்கள். பிரித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற நிலை இருக்காது.

அன்புடன்,
மொட்டை மாடியிலிருந்து ஒரு ஹாம்