வரிசையில் நிற்கும் நேரம்: செல்விக்கு ஒரு கடிதம்

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறார்கள் என்று படித்ததும் பெரிய நிம்மதி. பெரியவன் எந்த குரூப் எடுப்பது என்று உங்கள் வீட்டில் நடக்கிற பஞ்சாயத்தைப் பற்றிப் போனில் பேசுவோம், அது எழுத்தில் அடங்காது. இப்போதைக்கு நீ கடைசியில் கேட்டிருந்தாயே, அதற்கு வருகிறேன். மே மாதம் பெங்களூர் வருகிறோம், வொண்டர்லா பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போயே ஆகவேண்டும் என்று இரண்டு பிள்ளைகளும் ஒற்றைக் காலில் நிற்கிறார்கள், ஆனால் ஒவ்வொரு ரைடுக்கும் முக்கால் மணி, ஒரு மணி என்று கியூவில் நிற்க வேண்டுமாமே, அவ்வளவு நேரம் பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது, பேசாமல் கூடுதல் காசு கொடுத்து முன்னால் போகிற அந்த ஃபாஸ்ட் டிராக் டிக்கெட்டை எடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தாய்.

எடுக்காதே. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் போன மாதம் அக்காவின் பிள்ளைகளோடு நான் அங்கே போய்வந்ததிலிருந்து இதே நினைப்பாகத்தான் இருக்கிறேன்.

முதலில் ஒன்று. ரைடில் போனைக் கொண்டுபோக முடியாது, தண்ணீர் விளையாட்டுப் பக்கம் அதற்கு வேலையே இல்லை, அதனால் காலையிலேயே எல்லோருடைய போனும் லாக்கருக்குள் போய்விடும். அப்புறம் பிள்ளைகளின் கையில் ஒன்றும் இருக்காது. வீட்டில் சாப்பாட்டுத் தட்டு முன்னால் இருந்தாலும் திரையை விட்டுத் தலையைத் தூக்காத பிள்ளைகள், இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நம் பக்கத்தில் நிற்கிறார்கள், வேறு எங்கேயும் போக வழியில்லை. முதல் பத்து நிமிடம் சிணுங்கல்தான். அதைக் கண்டு பயந்துவிடாதே. அதற்குப் பிறகுதான் பேச்சு ஆரம்பிக்கும்.

உனக்கு நினைவிருக்கும், சித்திரைப் பொருட்காட்சியின்போது தமுக்கத்தில் ராட்சத ராட்டினத்துக்கு நாம் நின்ற கியூ. கயிறு கட்டிய வழி, புழுதி, பக்கத்துக் கடையில் டெல்லி அப்பளம் பொரியும் வாசம், மரணக் கிணற்றுக்குள் மோட்டார் சைக்கிள் சுற்றுகிற சத்தம். ராட்டினம் நாலு சுற்று சுற்றியிருக்கும், மேலே போனபோது என்ன தெரிந்தது என்று இன்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் கியூவில் நீ சொன்ன பேய்க்கதை முழுசாக நினைவிருக்கிறது, நமக்கு முன்னால் நின்ற அக்கா திரும்பி நின்று அதைக் கேட்டுவிட்டு, தன் பங்குக்கு ஒரு பேய்க்கதை சொன்னதும் நினைவிருக்கிறது.

காத்திருக்கும் நேரம் ஏன் நீளமாகத் தெரிகிறது என்பதைப் பற்றி 1985-இல் டேவிட் மைஸ்டர் என்பவர் ஒரு கட்டுரை எழுதினார், கடை, ஆஸ்பத்திரி, பூங்கா நடத்துகிறவர்கள் இன்றும் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். சும்மா நிற்கும் நேரம் ஏதாவது செய்துகொண்டிருக்கும் நேரத்தைவிட நீளமாகத் தெரியும். எவ்வளவு நேரம் என்று தெரியாமல் நிற்பது, தெரிந்து நிற்பதைவிட நீளம். தனியாக நிற்பது கூட்டாக நிற்பதைவிட நீளம். நமக்குப் பின்னால் வந்தவன் முன்னால் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் எல்லாவற்றிலும் கொடுமை. படித்ததும் எனக்குத் திருப்பதி ஞாபகம் வந்தது. வைகுண்டம் கியூ காம்ப்ளெக்ஸில் கம்பார்ட்மென்ட் கம்பார்ட்மென்டாக உட்கார வைத்து, பாலும் சாப்பாடும் கொடுத்து, கதவு திறக்கும்போது மொத்தக் கூட்டமும் "கோவிந்தா" என்று குரல் கொடுக்கிறதே, அந்த ஒரு குரலில் அத்தனை மணி நேரமும் கரைந்துபோகும். இதையெல்லாம் நம் ஜனங்கள் யாரும் எழுதி வைத்துச் செய்யவில்லை.

சரி, நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். ரீகாயில் என்று ஒரு ரோலர் கோஸ்டர் இருக்கிறது, முதலில் பின்பக்கமாக உயரே இழுத்துக்கொண்டு போய் விட்டுவிடும், தலைகீழாகச் சுற்றி எதிர்ப்பக்கம் ஏறி, வந்த வழியே பின்னோக்கித் திரும்பி வரும். அதற்குத்தான் நீளமான வரிசை. அக்காவின் சின்னவன் "இன்னும் எவ்வளவு நேரம், இன்னும் எவ்வளவு நேரம்" என்று என் துப்பட்டாவை இழுத்துக்கொண்டே இருந்தான். நீயே கண்டுபிடி என்றேன். முன்னால் எத்தனை பேர் என்று எண்ணச் சொன்னேன், ஒரு தடவைக்கு எத்தனை பேரை ஏற்றுகிறார்கள் என்று பார்க்கச் சொன்னேன், ஏற்றி, பூட்டி, ஓட்டி, இறக்க எத்தனை நிமிடம் என்று என் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தேன். உதாரணத்துக்கு முன்னால் 120 பேர், தடவைக்கு 20 பேர், ஒவ்வொரு தடவைக்கும் 5 நிமிடம் என்றால் அரை மணி நேரம். 1961-இல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் நிரூபித்துக் காட்டிய விதியின் சாரம் இவ்வளவுதான், வரிசையில் இருக்கும் ஆட்களின் எண்ணிக்கைக்கும், ஆட்கள் வந்து சேரும் வேகத்துக்கும், காத்திருக்கும் நேரத்துக்கும் உள்ள உறவு. அதற்கப்புறம் அவன் துப்பட்டாவைத் தொடவே இல்லை. ஒவ்வொரு வண்டியும் கிளம்பும்போது கடிகாரத்தைப் பார்த்து, "சித்தி, இப்போ நாலரை நிமிஷம்தான், சீக்கிரம் போயிடலாம்" என்று எனக்குக் கணக்கு ஒப்பித்தான். பின்னால் நின்ற கல்லூரிப் பையன்களும் அவனிடமே நேரம் கேட்டார்கள்.

அடுத்த வரிசையில் விடுகதை. என் அக்கா சிவப்பு, குளித்தால் கருப்பு, அவள் யார்? ஊரெல்லாம் சுற்றுவான், வீட்டுக்குள் வரமாட்டான், அவன் யார்? நமக்குப் பழசு, ஆனால் இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதெல்லாம் புதுசு செல்வி. நெருப்பு, செருப்பு என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு ஒரு திருப்பம் முழுக்க நடக்க வேண்டியிருந்தது. முன்னால் மண்டியாவிலிருந்து வந்த குடும்பம், பாட்டி ஒருத்தர், பேரப்பிள்ளைகளின் பைகளையெல்லாம் தோளில் மாட்டிக்கொண்டு, ரைடில் ஏறப்போவதில்லை என்றாலும் பிள்ளைகளுக்குத் துணையாக வரிசையில் நின்றார். எங்கள் பெரியவள் வெள்ளை வீட்டுக்குக் கதவில்லை என்ற விடுகதையைத் தன் கன்னடத்தில் தட்டுத்தடுமாறிச் சொன்னாள், அவள் முடிப்பதற்குள் பாட்டி "மொட்டெ!" என்றார். முட்டைதான். அப்புறம் அவர் அவிழ்த்துவிட்ட விடுகதைகளில் பாதிக்கு எங்களால் விடை சொல்ல முடியவில்லை. பாட்டிகள் இரண்டு ஊரிலும் ஒரே பள்ளிக்கூடத்தில்தான் படித்திருக்கிறார்கள் போல.

இன்னொன்று நாக்குப் புரட்டல். "யார் தைத்த சட்டை, தாத்தா தைத்த சட்டை" என்று வேகமாக ஐந்து தடவை சொல்லச் சொல், நாக்கு தடுக்கினால் வெளியே. "கடலோரம் உரல் உருளுது" அதைவிடக் கஷ்டம். கடைசி எழுத்தில் அடுத்த ஊர்ப் பெயர் சொல்லும் விளையாட்டும் நன்றாக ஓடும், ஆனால் 'ர்' என்று முடியும் ஊர்கள்தான் நம் பக்கம் அதிகம், அதனால் 'ர்' வந்தால் 'ர'-வோ அதற்கு முந்தின எழுத்தோ எடுத்துக்கொள்ளலாம் என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள், இல்லாவிட்டால் சண்டை. பாட்டுக்குப் பாட்டு வேண்டாம் என்பது என் எண்ணம், நெரிசலில் பக்கத்தில் நிற்பவர்கள் காதுக்கு நேராகக் கத்த வேண்டியிருக்கும், அவர்களுக்கும் களைப்பு இருக்கும் அல்லவா.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். எங்கள் பெரியவளுக்குப் பதிமூன்று வயது. போன ஜூனில் பள்ளிக்கூடம் மாற்றியதிலிருந்து வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது. அக்கா கேட்டால் "ஒண்ணுமில்ல", அத்தான் கேட்டால் "ஒண்ணுமில்ல", அதற்கு மேல் கேட்டால் கதவு சாத்திக்கொள்ளும். அன்று மதியம் தம்பி அப்பாவோடு தண்ணீர் பக்கம் போய்விட்டான், நாங்கள் இரண்டு பேர் மட்டும் வெயிலில் தகரக் கூரையின் கீழே நின்றோம். கம்பியில் பெயின்ட் தேய்ந்து, ஆயிரம் பேர் பிடித்த இடம் மட்டும் வெள்ளியாகப் பளபளத்தது. அவள் நகத்தால் அந்தப் பெயின்டின் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. திடீரென்று, என் முகத்தைப் பார்க்காமல், "சித்தி, மத்தியானம் நான் தனியாத்தான் சாப்பிடறேன், தெரியுமா" என்றாள். வகுப்பில் எல்லோரும் ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஒன்றாகப் படிக்கிறவர்கள், இவளுக்கு அந்த வட்டத்தில் இடமில்லை. ஒரு பெண் மட்டும் சில நாள் வந்து பக்கத்தில் உட்காருவாளாம், ஆனால் மற்றவர்கள் பார்த்தால் எழுந்து போய்விடுவாளாம். வரிசை நகர நகரப் பேசினாள். நான் அறிவுரை எதுவும் சொல்லவில்லை, சாப்பாட்டுக்கு என்ன கொண்டுபோகிறாய், எங்கே உட்காருகிறாய், அந்தப் பெண்ணின் பேர் என்ன என்று மட்டும் கேட்டேன். பக்கவாட்டில் நின்றுகொண்டு, ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்துகொண்டே பேசுவது அந்த வயசுப் பிள்ளைகளுக்குச் சுலபமாக இருக்கிறது. எதிரே உட்கார்த்தி வைத்துக் கேட்டால் வராது.

ராத்திரி அக்காவிடம் சொன்னேன். இப்போது அக்கா தினமும் சாயங்காலம் அவளைக் கூட்டிக்கொண்டு அலசூர் ஏரிப் பக்கம் நடக்கப் போகிறாள், அந்த இன்னொரு பெண்ணை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கும் அழைத்திருக்கிறார்கள்.

இதனால்தான் ஃபாஸ்ட் டிராக் வேண்டாம் என்கிறேன். பணத்துக்காக மட்டும் சொல்லவில்லை. அமெரிக்காவில் டிஸ்னி பூங்காக்களில் 1999-இல் முன்பதிவு வரிசை இலவசமாக வந்தது, 2021-இல் அதை எடுத்துவிட்டுக் காசு கொடுத்து முன்னால் போகும் முறையைக் கொண்டுவந்தார்கள். உலகம் முழுக்க இப்போது அந்தப் பக்கம்தான் போகிறது. ஒரு நாள் மட்டும் வந்துபோகிறவர்கள், வயதானவர்களோடு வருகிறவர்கள் எடுக்கட்டும், அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் உன் பிள்ளைகளுக்குப் பதினைந்தும் பதினொன்றும். பெரியவனோடு முக்கால் மணி நேரம் சேர்ந்தாற்போல் கடைசியாக எப்போது நின்றாய் என்று யோசித்துப் பார். குரூப் விஷயம்கூட அங்கே தானாக வாயில் வரலாம்.

அப்புறம் நடைமுறை விஷயங்கள். மதுரையிலிருந்து வந்தே பாரத் இருக்கிறது, நேராகக் கன்டோன்மென்ட் வந்து இறங்கலாம், அங்கிருந்து எங்கள் வீடு கிட்டத்தான். சனி, ஞாயிறு வேண்டவே வேண்டாம், செவ்வாயோ புதனோ போவோம். வொண்டர்லா பிடதியில், மைசூர் ரோட்டில் இருக்கிறது, பெங்களூர் நகரத்திலிருந்து 28 கி.மீ. என்பார்கள், எங்கள் வீட்டிலிருந்து இன்னும் கொஞ்சம் அதிகம். பர்ப்பிள் லைன் மெட்ரோ இப்போது சல்லகட்டா வரை போகிறது, அங்கே இறங்கி மேற்கொண்டு பஸ் பிடிக்கலாம். கேட் 11 மணிக்குத்தான் திறக்கும் என்பதால் பிடதியில் தட்டே இட்லி சாப்பிட நேரம் இருக்கும், தட்டு அளவுக்கு அகலம், மேலே வெண்ணெய் வைத்துத் தருவார்கள், உன் சின்னவனுக்கு இரண்டே போதும். உள்ளே போனதும் பெரிய ரைடுகளுக்கு முதலில் போய்விட வேண்டும், தண்ணீர் பக்கம் மதியத்துக்கு மேல். அதற்கு நைலான் உடைதான் வேண்டும், பருத்தி விட மாட்டார்கள். வரிசையில் சேருவதற்கு முன்னால் எல்லோரையும் பாத்ரூம் போய்வரச் சொல், பாதியில் வெளியே வந்தால் திரும்பப் பின்னாலிருந்துதான். தொப்பி எடுத்து வா.

பெரிய ரைடுகளில் பலவற்றுக்கு 140 செ.மீ. உயரம் கேட்பார்கள், நுழைவில் கம்பம் வைத்து அளப்பார்கள். சின்னவனை இந்த வாரமே சுவரோரம் நிறுத்தி அளந்து எழுது. குறைந்தால் எந்தெந்த ரைடில் ஏறலாம் என்பதை ஊரிலேயே சொல்லிக் கூட்டி வந்துவிடலாம், கேட் வரை வந்து அழ வேண்டாம். அம்மாவிடம் கேட்டு, அவர்களுக்குத் தெரிந்த விடுகதைகளை ஒரு நோட்டில் எழுதி எடுத்து வா, விடையைப் பின்பக்கத்தில் எழுதச் சொல். தேதி முடிவானதும் எழுது, நான் லீவு போட வேண்டும்.

அன்புடன்,
கலா