பிரியாணிக்கு அரைப் பக்கம், ஜகாத்துக்கு ஒரே சொல்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ரம்ஜானுக்கு நீங்கள் போட்ட சிறப்பிதழை எடுத்து வைத்திருந்து, கடையில் கூட்டம் இல்லாத ஒரு மதியம்தான் முழுசாகப் படித்தேன். பிரியாணிக்கு அரைப் பக்கம், நோன்புக் கஞ்சிக்குக் கால் பக்கம், படத்தோடு. சரி, அதில் தப்பில்லை, எனக்கும் இரண்டும் பிடிக்கும். ஆனால் எங்கள் இஸ்லாம் மார்க்கத்தைப் பற்றி ஒரு சின்னக் கட்டம்தான், அதிலும் இரண்டு பிழை.

‘முகம்மது நபியை வழிபடும் மதம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் எந்த மனிதரையும் வழிபடுவதில்லை, நபியையும் சேர்த்துத்தான். நபிகள் நாயகம் (ஸல்) 570 வாக்கில் மக்காவில் பிறந்தவர். பிறக்கும் முன்பே தகப்பனார் போய்விட்டார், ஆறு வயதில் தாயாரும் போய்விட, பாட்டனாரும் அவருக்குப் பின் தகப்பனாரின் சகோதரர் அபூதாலிபும் வளர்த்தார்கள். அப்புறம் வணிகம் செய்த கதீஜா அம்மையாரின் சரக்கைக் கொண்டுபோய் விற்று நாணயமாகக் கணக்கு ஒப்படைத்த வியாபாரி, அந்த அம்மையாரையே பின்னால் மணந்துகொண்டார். கடைக்காரனான எனக்கு இந்தப் பகுதிமேல் தனிப் பிரியம் உண்டு. 610-ல், நாற்பது வயதில், ஹிரா குகையில் ‘ஓதுவீராக’ என்று முதல் இறைச்செய்தி வந்தபோது அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் புதிதாக ஒன்றை ஆரம்பித்தார் என்று நாங்கள் நினைப்பதில்லை. ஆதம், இப்ராஹீம், மூசா, ஈசா என்று வந்த நபிமார் வரிசையில் அவர் கடைசி, அவ்வளவுதான். ஏசுவை ஈசா நபி என்று நாங்களும் மதிக்கிறோம் என்று சொன்னால், கடைக்கு வரும் கிறிஸ்தவர்களில் சிலரே ஆச்சரியமாகப் பார்க்கிறார்கள்.

இரண்டாவது, ‘மக்காவில் உள்ள கல்லைக் கும்பிடுகிறார்கள்’ என்பது. இதை நேரிலேயே ஒருவர் கேட்டார். மகளுக்குச் சீர் சாமான் வாங்க வந்த ஓர் ஆச்சிக்காக எவர்சில்வர் சம்படங்களில் பெயர் வெட்டிக்கொண்டிருந்தபோது, பிற்பகல் தொழுகைக்கு அழைக்கும் அஸர் பாங்கு கேட்டு நான் எழுந்து போய்விட்டேன். திரும்பி வருவதற்குள் மூன்றாவது சம்படத்தில் இனிஷியலைக் கடைப் பையன் மாற்றி வெட்டியிருந்தது தனிக் கதை. ஆச்சி அதை விட்டுவிட்டு, “உருவமே இல்லேங்கிறீங்க பாய், அப்புறம் எதைப் பார்த்துக் கும்பிடுறீங்க?” என்றார். மக்காவில் இருக்கிற கஅபா என்ற கட்டடம் ஒரு திசை ஆச்சி, எல்லாரும் ஒரே பக்கம் நிற்பதற்கு, முன்பு மதீனாவில் ஒரு வருஷத்துக்கும் மேல் ஜெருசலேம் பக்கம் பார்த்துத்தான் தொழுதார்கள், அப்புறம்தான் மாறியது என்றேன். வணங்கப்படுவது கட்டடம் என்றால் அப்படி மாறியிருக்குமா? கஅபாவுக்குள் இருந்த சிலைகளை 630-ல் அகற்றியவரும் நபிதான்.

கலிமா என்கிற நம்பிக்கை உறுதிமொழி, தொழுகை, நோன்பு, ஜகாத், மக்காவுக்குப் போகும் ஹஜ் என்று ஐந்து கடமைகளையும் வரிசையாகப் போட்டிருக்கிறீர்கள், அது சரி. ஆனால் ஜகாத்துக்கு எதிரே ‘தானம்’ என்று ஒரே சொல்லோடு முடித்துவிட்டீர்களே. தானம் என்றால் மனசிருந்தால் கொடுக்கலாம், இல்லாவிட்டால் விடலாம். ஜகாத் அப்படி இல்லை, தொழுகை மாதிரியே கடமை. ஓர் அளவுக்கு மேல் சொத்து சேர்ந்து சந்திரக் கணக்கில் ஒரு வருஷம் கையில் நின்றால், நூற்றுக்கு இரண்டரை கொடுத்தாக வேண்டும். விற்பனைச் சரக்கும் அதில் அடக்கம். அதற்காகவே ஆண்டுக்கொரு முறை குத்துவிளக்கு, அண்டா, தேக்சா என்று ஒன்று விடாமல் எண்ணுவேன், இரண்டு ராத்திரி போய்விடும். லட்சம் ரூபாய்க்கு 2,500.

இதைச் சொன்னதும் ஆச்சி, “எங்க மகமை மாதிரில்ல இருக்கு” என்றார். கிட்டத்தட்ட அப்படித்தான், ஆனால் வியாபாரிகள் ஒதுக்கிக் கொடுக்கும் மகமை கோயிலுக்குப் போகும், ஜகாத் பள்ளிவாசலுக்கு அல்ல, ஏழைக்கும் கடனில் மாட்டியவனுக்கும் வழிப்போக்கனுக்கும் என்று குர்ஆன் எட்டு வகையினரைச் சொல்கிறது. அதே குர்ஆன் வட்டியை விலக்கிவிட்டது என்றதும் ஆச்சி சிரித்துவிட்டார். அவர் தாத்தாவுக்கு ரங்கூனில் வட்டிக்கடையாம்.

மகமை தெரிந்த ஊர்க்காரர்களிடம் மட்டுமல்ல, எங்களிடமும் உங்கள் பத்திரிகை நிறைய விற்கிறது. அடுத்த வருஷம் அந்தக் கட்டத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி, அந்த இரண்டு பிழைகளையும் திருத்தி, ஜகாத்தையும் விளக்கிப் போடுங்கள். கஞ்சிச் செய்முறையையும் விட்டுவிட வேண்டாம், ஆனால் அதில் வெந்தயம் விட்டுப்போயிருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு பாத்திரக் கடைக்காரர்,
காரைக்குடி