மெக்சிகோவில் இருக்கும் மகளுக்கு

புவெனஸ் அயர்ஸ்
வியாழக்கிழமை இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம். ஞாயிற்றுக்கிழமை போனில், "இங்க என்னை யாருக்குமே தெரியாதும்மா, எல்லாத்தையும் முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்" என்றாய். அப்போது எனக்குப் பதில் வரவில்லை. நாலு நாளாக அதுதான் மனசில் ஓடுகிறது.

நேற்று கொரியந்தெஸ் தெருவில் எல் நாசியோனால் தியேட்டரைத் தாண்டி நடந்து வந்தேன். 1926-இல் லிபர்தாத் லமார்க்கே பாட வந்து நின்ற இடம் அது. மாடி வீட்டுப் பாட்டியோடு உட்கார்ந்து கறுப்பு வெள்ளைப் படத்தில் பார்ப்பாயே, அந்த அம்மாதான். நம்ம ஊர் டாங்கோ பாட்டு உனக்கு ஞாபகம் இருக்கும். அவர் பட்ட கஷ்டங்களைப் பாட்டி என்னிடம்தான் சொன்னார்.

1908-இல் ரொசாரியோவில் பிறந்தவர். அப்பா தகர வேலை செய்பவர், அரசே வேண்டாம் என்னும் அராஜகவாதக் கொள்கைக்காரர். மகள் பிறந்தபோது ஜெயிலில் இருந்தாராம். வெளியே வரும் ஆசையில் வைத்த பெயர்தான் லிபர்தாத், விடுதலை. ஏழெட்டு வயதிலேயே அப்பாவின் தோழர்கள் போட்ட நாடகங்களில் மேடை ஏறிவிட்டார். புவெனஸ் அயர்ஸ் வந்தபின் இசைத்தட்டுகள். 1933-இல் அர்ஜென்டினாவின் முதல் பேசும் படங்களில் ஒன்றான 'டாங்கோ!'வில் அவரும் உண்டு. மூன்று வருடம் கழித்து வந்த படத்தின் கதையிலும் அவர் கை இருந்தது. அதன் பெயரைத் தமிழில் சொன்னால் 'நான் வாழ உதவி செய்'. வசனம் முடியும் இடத்தில் பாட்டு கதையைக் கையில் எடுத்துக்கொள்ளும் படம். அதற்கப்புறம் தென் அமெரிக்கா முழுக்க அவர் படங்கள் ஓடின.

வீட்டுக்குள் நிலைமை வேறு. கணவரோடு ஒத்துவரவில்லை, அன்றைய அர்ஜென்டினாவில் விவாகரத்துக்குச் சட்டமும் இல்லை. 1935-இல் சிலி போயிருந்தபோது மனம் உடைந்து உயிரை விடத் துணிந்தார், எப்படியோ பிழைத்தார். பிறகு கணவர் மகளை உருகுவேக்குக் கொண்டுபோய்விட, இவர் போராடித் திரும்ப அழைத்து வந்தார். இதை உனக்கு எழுதலாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன், ஏனென்றால் நீயும் தனியாக இருக்கிறாய். மனசு கனத்தால் ராத்திரி எத்தனை மணியானாலும் எனக்குப் போன் பண்ணு. அம்மா தூங்கியிருப்பாளே என்று தயங்காதே.

1945-இல் ஒரு படத்தில் அவரோடு எவா துவார்த்தே என்ற இளம் நடிகையும் நடித்தார். பின்னால் எவா பெரோன் ஆனவர். எவா படப்பிடிப்புக்கு நேரத்துக்கு வராததில் இருவருக்கும் மனக்கசப்பு. லமார்க்கே எவாவை அறைந்துவிட்டார் என்று ஊரெல்லாம் பேச்சு. அறையவில்லை என்று அவர் பலமுறை மறுத்தும் அந்தக் கதை இன்றும் சாகவில்லை. அடுத்த வருடம் எவாவின் கணவர் ஜனாதிபதி ஆனார். லமார்க்கே ஊரை விட்டுக் கிளம்பினார். அப்போது வயது 37, சுமார் இருபது படங்களின் நாயகி.

கியூபாவில் பாடினார். 'அமெரிக்காவின் காதலி' என்ற பட்டம் அங்கேதான் கிடைத்தது. அமெரிக்கா என்றால் இங்கே நம் லத்தீன் அமெரிக்கா. அங்கிருந்து நீ இப்போது இருக்கும் மெக்சிகோ சிட்டி. அவருடைய முதல் மெக்சிகோ படத்தை இயக்கியவர் லூயிஸ் புனுவேல். ஸ்பெயினை விட்டு வந்த அவருக்கும் அந்த நாட்டில் அதுதான் முதல் படம். கூட நடித்தவர் ஹோர்கே நெக்ரெத்தே, அங்கே கொடிகட்டிப் பறந்த பாடகர். இவ்வளவு பேர் சேர்ந்தும் படம் ஓடவில்லை பாப்பா. எனக்கு அவர் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். முதல் படம் போன பிறகும் அங்கேயே இருந்தார். நாற்பதுக்கும் மேற்பட்ட மெக்சிகோ படங்கள் நடித்தார். பிள்ளைகளுக்காக உருகும் அம்மா வேடங்களில் அங்கே வீட்டுக்கு வீடு அவரைத் தெரிந்தது. ரொசாரியோ பெண்ணைத் தங்கள் ஊர்க்காரராகவே மெக்சிகோக்காரர்கள் நினைத்தார்கள். அதற்காக அவர் டாங்கோவை விடவும் இல்லை.

2000 டிசம்பர் 12-ஆம் தேதி, 92 வயதில், அதே மெக்சிகோ சிட்டியில் இறந்தார். அப்போதும் ஒரு டிவி தொடரில் கன்னியர் மடத்துத் தலைவியாக நடித்துக்கொண்டிருந்தார். பாட்டி இதைச் சொல்லும்போதெல்லாம் கையிலிருக்கும் மாத்தே டீ ஆறிப்போகும்.

சரி, அப்பா மாத்தே இலை இரண்டு பொட்டலம் வாங்கி வைத்திருக்கிறார். சனிக்கிழமை அனுப்புகிறேன். பாட்டி தன் கையால் கிண்டிய பால் ஜாமும் ஒரு பாட்டில் வைக்கச் சொன்னார். ஞாயிறு உனக்கு ஏழு மணி என்றால் எனக்குப் பத்து. விழித்திருப்பேன், கூப்பிடு.

அன்புடன்,
அம்மா