பாப்பாவுக்கு, சனி ஞாயிறு பற்றி

அன்புள்ள பாப்பா,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி இப்போது தேவலை, மாடிப்படி ஏறினால்தான் கொஞ்சம் பிடிக்கிறது. அத்தை ஊரிலிருந்து வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போனாள், உன் பேச்சுத்தான் முழு நேரமும். பருப்புப் பொடி அரைத்து வைத்திருக்கிறது, யாராவது அந்தப் பக்கம் வருகிறவர்கள் இருந்தால் சொல். போனில் பேசினால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய், எனக்கும் பாதி விஷயம் மறந்துபோகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், நேரம் கிடைக்கும்போது முழுதாகப் படி.

நீ ஜெர்மனியில் ஆகென் ஊருக்குப் படிக்கப் போன புதிதில் ஒவ்வொரு சனி ஞாயிறும் ஒரு ஊர் என்று போய் வந்தாயே, அதெல்லாம் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குச் சொன்னேனா தெரியவில்லை. அந்த செமஸ்டர் டிக்கெட்டை வைத்துக்கொண்டு நாடு முழுக்க சாதா ரயிலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், ஐசிஇ மாதிரி வேக வண்டியில் மட்டும் ஏறக்கூடாது, தப்பி ஏறினால் 60 யூரோ அபராதம் என்று நீ விளக்கிச் சொன்னதை நான் அப்படியே டீக்கடையில் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். செல்போனில் மேப்பை விரித்து வைத்துக்கொண்டு நீ போகிற வழியில் நானும் வருவேன். கொலோன் தேவாலயத்தைப் பற்றி நீ சொன்னதற்கு அப்புறம் நானும் தேடிப் படித்தேன். 1248-ல் ஆரம்பித்து 1880-ல்தான் முடித்திருக்கிறார்கள். நடுவில் பல நூறு வருஷம் வேலை அப்படியே நின்றுபோய், பாதி கட்டிய தெற்குக் கோபுரத்தின் மேல் பழைய மரக் கிரேன் மட்டும் நின்றுகொண்டிருந்ததாம். கிரேன் என்றதும் எனக்கு அதில்தான் கவனம் போயிற்று. நீ 533 படி ஏறி உச்சியிலிருந்து அனுப்பிய வீடியோவில் உனக்கு மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டு அம்மா பயந்துவிட்டாள், நான்தான் ஒன்றுமில்லை, படி ஏறினால் அப்படித்தான் என்று சொன்னேன்.

ஹம்பாக் சுரங்கத்தைப் பார்த்து வந்த அன்றைக்கு நாம் பேசினோமே, அதை நான் மறக்கவே மாட்டேன். நீ அந்தப் பார்வை மேடையில் நின்று வீடியோ காலில் காட்டினாய், காற்றில் பாதி வார்த்தை காதில் விழவில்லை. "அப்பா, இதுல எது பக்கெட் வீல், எது ஸ்பிரெடர்?" என்று கேட்டாய். சின்ன வயதில் உன்னை நெய்வேலி மைன்ஸ் வியூ பாயிண்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனபோது நீ அங்கே பார்த்ததெல்லாம் ஐஸ் வண்டியைத்தான். அந்தப் பெண் இன்றைக்கு ஜெர்மனியில் ஒரு பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தின் விளிம்பில் நின்று என்னிடம் மெஷின் பெயர் கேட்கிறாள். வெட்டுகிறது பக்கெட் வீல், பெல்ட்டில் வருகிற மண்ணை வாங்கி அந்தப் பக்கம் கொட்டுகிறது ஸ்பிரெடர் என்று சொன்னேன். ஆனால் அன்று நான் சொன்னது பாதிதான். நம் நெய்வேலிக்கு ஆரம்ப காலத்தில் மெஷின் வந்ததே மேற்கு ஜெர்மனியிலிருந்துதான். அங்கே மேல் மண் தளர்ந்த மணலும் களிமண்ணும். இங்கே கடலூர் மணற்கல், இறுகிப்போன பாறை. அந்த ஊர் மண்ணுக்குச் செய்த பக்கெட் பல் இந்த ஊர் கல்லில் தேய்ந்து தேய்ந்து போய், முதலில் வெடி வைத்து உடைத்துவிட்டு அப்புறம் வெட்ட வேண்டியிருந்தது. நாங்கள் பார்த்ததில் பெரிய மெஷினுக்கே ஒரு பக்கெட் 1,400 லிட்டர்தான். அங்கே நீ பார்த்த வகை ஒரு நாளைக்கு 2,40,000 கன மீட்டர் வெட்டும், எடை 13,000 டன் போல வரும். கிட்டத்தட்ட 400 மீட்டர் ஆழம் போகிற குழி அது. இத்தனையையும் 2029-ல் நிறுத்திவிட்டு ரைன் ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து ஏரியாக்கப் போகிறார்களாம். சுரங்கத்துக்காக மான்ஹைம் என்கிற ஊரையே காலி செய்து வேறு இடத்தில் குடி வைத்தார்கள் என்று நீ வருத்தப்பட்டாய். நம் பக்கம் நிலம் கொடுத்தவர்கள் வீட்டுப் பிள்ளைகளோடு படித்தவள் நீ, உனக்கு அது சட்டென்று பட்டிருக்கும்.

அன்றைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினோம். இப்போது படம் வருகிறது, பேச்சு வருவதில்லை.

ஹம் என்கிற ஊரில் இருக்கிற காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போனதையும் சொல்ல வேண்டும். உன் ஊரிலிருந்து ஒரே வண்டி, ஆர்இ-1, மூன்று மணி நேரம் போல ஆகும் என்றாய். இலங்கையிலிருந்து அகதியாகப் போனவர்கள் தொழிற்பேட்டைக்கு நடுவில் 17 மீட்டர் கோபுரம் எழுப்பி 2002-ல் கும்பாபிஷேகம் செய்திருக்கிறார்கள். பக்கத்துக் கால்வாயில்தான் தீர்த்தவாரி என்று நீ சொன்னதை அத்தை இன்னும் நம்பவில்லை. அங்கே உனக்கு உளுந்து வடை கொடுத்து, "எந்த ஊர் பிள்ளை?" என்று விசாரித்த அந்த அம்மாவை நான் பார்த்ததில்லை, ஆனால் அவர்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். இந்த வருஷத் தேருக்கும் போவதாகச் சொன்னாய். போனாயா என்று கேட்டேன். "கூட்டம்பா" என்று மட்டும் சொன்னாய். ஒரு படம்கூட வரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கோபப்படாதே.

போன வாரம் வுப்பர்டாலில் தண்டவாளத்துக்கு அடியில் தொங்குகிற ரயிலில் போனதாகப் படம் அனுப்பினாய். நல்ல படம்தான். 1901-லிருந்து பெரும்பாலும் ஆற்றுக்கு மேலேயே 13 கிலோமீட்டர் ஓடுகிற வண்டி, இன்னும் ஜனங்கள் அதில்தான் வேலைக்குப் போகிறார்கள், கேட்கவே நன்றாக இருந்தது. ஆனால் பாப்பா, அந்தப் படத்தில் கரையோரம் இருக்கிற மரத்தில் ஒரு இலை இல்லை. நீ அந்தக் கனத்த சிவப்பு ஜாக்கெட்டைப் போட்டிருக்கிறாய். ஜூலை மாதம் இது. ஜெர்மனியில் வெயில் 35 டிகிரியைத் தாண்டிவிட்டது, ஜனங்கள் தவிக்கிறார்கள் என்று நம் ஊர் நியூஸிலேயே காட்டினார்கள். அம்மாவுக்கு இது தெரியாது, அவள் படத்தைப் பெரிது பண்ணி உன் முகத்தை மட்டும்தான் பார்ப்பாள். அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

அதற்கு முந்தின சனிக்கிழமை ராத்திரி நான் கூப்பிட்டபோது ஸ்டேஷனில் நிற்கிறேன், வண்டி லேட் என்றாய். உனக்குப் பின்னால் ஒரு சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. ரயில்வே ஸ்டேஷனில் அந்தச் சத்தம் வராது. பெல்ட் ஓடும்போது அடியில் ரோலர் சுற்றுகிற சத்தம் அது, நடுவில் ஒரு ரோலருக்கு பேரிங் போயிருக்கிறது, கிறீச் என்று ஒரே இடைவெளியில் வருகிறது. உங்கள் அப்பா காது வாழ்நாள் முழுக்கக் கேட்ட சத்தம். அதுவும் நின்று, ஃபோர்க்லிஃப்ட் பின்னால் வரும்போது அடிக்கிற பீப் பீப்பும் கேட்டு, யாரோ ஒரு ஆள் உன் பக்கம் பார்த்து ஏதோ கத்தினதும் நீ அவசரமாக "வண்டி வந்துடுச்சுப்பா" என்று வைத்துவிட்டாய்.

வேலை செய்வது தப்பில்லை. உழைத்துப் பிழைக்கிற வீட்டில் பிறந்தவள் நீ, பார்சல் கோடவுனோ ஓட்டலோ எதுவாக இருந்தாலும் அதில் எனக்கு ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. வெளிநாட்டு மாணவர்கள் வருஷத்துக்கு 140 முழு நாள், இல்லாவிட்டால் 280 அரை நாள் வேலை பார்க்கலாம் என்று விசாவுக்குப் பேப்பர் சேர்க்கும்போதே நீதான் எனக்குச் சொன்னாய். கணக்கு வைத்திருக்கிறாயா? அது தாண்டினால் விசாவுக்குச் சிக்கல் வரும். எந்த நாள், எத்தனை மணி நேரம் என்று ஒரு நோட்டில் எழுதி வை. அவர்கள் எழுதுகிறார்கள் என்று விடாதே, நீயும் எழுதி வை.

எனக்குக் கவலை வேறு. வடலூர் மனையை விற்றது உனக்குத் தெரிந்துவிட்டது, இல்லையா? அம்மா வாய் தவறிச் சொல்லியிருப்பாள், அவளுக்கு உன்னிடம் எதையும் மறைக்கத் தெரியாது. கணக்குப் போட்டுப் பார்த்தேன், மனை பத்திரம் முடிந்த மாதத்துக்கு அப்புறம்தான் உன் ஊர் சுற்றல் படங்கள் எல்லாம் இப்படி ஆகின. அதற்கு முன்னே வந்த படத்திலெல்லாம் நீ கை நீட்டி எதையோ காட்டிக்கொண்டு இருப்பாய், பக்கத்தில் அந்தக் கேரளாப் பெண் சிரித்துக்கொண்டு நிற்பாள். இப்போது வருகிறதில் வெறும் கட்டடம்தான்.

அந்த மனை உனக்காக வாங்கினது. உன் பெயரில் எழுத வேண்டும் என்று நினைத்தே வாங்கினேன், உன் படிப்புக்கே போயிற்று, அவ்வளவுதான். அதில் அழுவதற்கு என்ன இருக்கிறது? விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு வைக்கிற அந்த பிளாக்டு அக்கவுண்டில் ஒரு வருஷத்துக்கு 11,904 யூரோ போட்டு, மாதம் 992 எடுக்கலாம் என்று கட்டிவிட்டு வந்தோமே, அது எதற்கு? நீ சாப்பிட, வாடகை கொடுக்க, தூங்க. பேங்க் லோனுக்கு படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துத்தான் தவணை ஆரம்பிக்கும், வட்டியை நான் மாதாமாதம் கட்டிக்கொண்டு வருகிறேன், ஒரு மாதம்கூடத் தவறவில்லை. அது என் பொறுப்பு. அந்தக் கணக்கை நீ உன் தலையில் ஏற்றிக்கொண்டு சனிக்கிழமை ராத்திரி கோடவுனில் நின்றால் எனக்கு இங்கே சோறு இறங்குமா?

எனக்குக் கோபமும் வருகிறது பாப்பா, மறைக்க முடியவில்லை. பழைய படத்தை அனுப்பி அப்பாவை நம்ப வைக்கலாம் என்று நினைத்தாயே. பத்தாம் வகுப்பில் ஒரு மார்க் குறைந்தாலும் அன்றைக்கே வந்து சொல்கிறவள் நீ. எப்போதிருந்து இந்தப் பழக்கம்? அப்புறம் யோசித்தால், அப்பாவும் அம்மாவும் நிம்மதியாகத் தூங்கட்டும் என்றுதானே செய்திருக்கிறாய், அதை நினைத்தால் கோபமும் தங்க மாட்டேன் என்கிறது. ராத்திரி எழுந்து உட்கார்ந்து அந்தப் படங்களைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

பரீட்சை நேரம் வேறு இது. ஒரு பேப்பரை மூன்று தடவைக்கு மேல் எழுத விட மாட்டார்கள், மூன்றாவது தடவையும் போனால் படிப்பே போய்விடும் என்று நீதான் சொன்னாய். அந்த மெஷின் டைனமிக்ஸ் பேப்பர் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. போயிருந்தாலும் பரவாயில்லை, அடுத்த தடவை எழுது. ராத்திரி முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டுக் காலையில் போய் உட்கார்ந்தால் எதுவும் தலையில் ஏறாது, அது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். நைட் ஷிப்ட் முடித்து வந்து நான் பகலில் தூங்கும்போது நீயும் அம்மாவும் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு வாசலில் போய் உட்காருவீர்கள். அங்கே உனக்கு யார் அப்படிச் செய்கிறார்கள்? அதனால் வேலை செய்வதாக இருந்தால் பகல் ஷிப்ட் கேள். பரீட்சை முடிகிற வரைக்கும் வேண்டாம் என்று சொல்லிவிடு. தூங்கு. ஒழுங்காகச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை அங்கே கடையெல்லாம் மூடிவிடுவார்கள், சனிக்கிழமையே அரிசியும் தயிரும் வாங்கி வைத்துக்கொள், போன மாதம் மாதிரி ரொட்டியைத் தின்றுகொண்டு இருக்காதே. ராத்திரி தனியாக வருகிறாய் என்றால் கடைசி வண்டிக்குக் காத்திருக்காமல் அதற்கு முந்தின வண்டியிலேயே ஏறிவிடு.

பரீட்சை முடிந்ததும் எங்கேயாவது போ. நிஜமாகவே போ. அந்தக் கேரளாப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போ. டிக்கெட்டுக்குத்தான் ஃபீஸோடு சேர்த்துக் கட்டியாகிவிட்டதே, அதைச் சும்மா போட்டு வைக்காதே. மூன்று நாட்டு எல்லையும் ஒரே இடத்தில் சேருகிற மேடு உன் ரூமுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, பஸ்ஸிலேயே போகலாம், ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து மூன்றிலும் கால் வைக்கலாம் என்று போன வருஷமே சொன்னாய், இன்னும் போகவில்லை. உங்கள் அப்பா விருத்தாசலம் ஜங்ஷனைத் தாண்டி வேடிக்கை பார்க்கவென்று எங்கேயும் போனதில்லை, எல்லாம் ஷிப்டும் ஓவர்டைமுமாகவே போய்விட்டது. அதில் எனக்கு வருத்தம் இல்லை, ஆனால் நீயும் அதே மாதிரி இருக்க வேண்டாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை நம் நேரம் சாயங்காலம் ஐந்து மணிக்கு அம்மா கோயிலுக்குப் போயிருப்பாள், பிரதோஷம். வீட்டில் நான் மட்டும்தான் இருப்பேன். அப்போது கூப்பிடு. எத்தனை நாள் வேலைக்குப் போகிறாய், எந்த நேரம், மாதம் எவ்வளவு குறைகிறது என்று அப்படியே சொல். நான் திட்ட மாட்டேன். எவ்வளவு குறைகிறதோ அதற்கு வழி பண்ணலாம். அம்மாவிடம் எதைச் சொல்வது, எதைச் சொல்ல வேண்டாம் என்று நீயும் நானும் பேசி முடிவு பண்ணிக்கொள்ளலாம்.

அன்புடன்,
அப்பா