அப்பாவுக்கு வந்தது காத்துக் கருப்பு இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுங்கை சிப்புட்டில் இருந்து எழுதுகிறேன். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவி எங்களை வளர்த்த அப்பாவுக்கு வயது 78. குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்தது, ஆனால் இரண்டாம் நாள் ராத்திரி எழுந்து, பெரட்டுக்கு (தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களின் பேர் கூப்பிடுவது) நேரமாச்சு, வாளி எங்கே என்று கேட்டபடி கையில் இருந்த ஊசிக்குழாயைப் பிடுங்கிவிட்டார். காத்துக் கருப்பு என்றார்கள் சொந்தக்காரர்கள், வயசானால் அப்படித்தான் என்றும் சொன்னார்கள்.

இல்லைங்க. இதற்கு டெலிரியம் என்று பெயர். கிருமித்தொற்று, வலி, உடம்பில் நீர் குறைவது, மலச்சிக்கல், தூக்கமின்மை, சில மாத்திரைகள் என்று பலதும் சேர்ந்து வயதானவர்களின் மூளையைத் திடீரெனத் தடுமாற வைக்கிறது. அப்பாவுக்குச் சிறுநீரில் கிருமி இருந்தது பிறகுதான் தெரிந்தது. சத்தம் போடுகிறவரையாவது கவனிப்பார்கள், பேசாமல் தூங்கியே கிடப்பவருக்கும் இதே குழப்பம் இருக்கலாம், அவரை யார் பார்ப்பது?

மூக்குக்கண்ணாடியையும் காதுக்கருவியையும் மறக்காமல் கொண்டுபோங்கள். முன்பு இப்படி இல்லை, இது புதுசு என்று டாக்டரிடம் அழுத்திச் சொல்லுங்கள். பார்வை நேரம் முடிந்ததென்று எங்களை அனுப்பிவிட்டார்கள், மலாய் சரியாக வராத பெரியவருக்கு ராத்திரியில் தமிழ் பேசும் ஒரு சொந்தக் குரல் பக்கத்தில் இருக்க மருத்துவமனைகள் அனுமதிக்க வேண்டும். அப்பா வீடு திரும்பி மூன்று மாதம் ஆகிறது, பேரப்பிள்ளைகளின் பெயர் இன்னமும் மாறிப்போகிறது.

ஒரு மகள்,
சுங்கை சிப்புட், பேராக்